துடைப்பம் ஏந்திய சகோதரர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நவம்பர் இதழின் திருநாள் பட்டியலில் 3ஆம் தேதிக்கு எதிரே, ‘துடைப்பத்தோடு நிற்கும் புனிதர், பெரு நாட்டு மார்ட்டின் தெ போரஸ்’ என்று ஒரே ஒரு வரி போட்டிருந்தோம். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்திருப்பதால், இம்மாதக் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே பொருளைக் கேட்டவர்களின் கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டோம்.

கேள்வி: ஐயா, இந்தப் புனிதரின் சுரூபத்தை ஒரு கோயிலில் பார்த்திருக்கிறேன். கறுத்த முகம், வெள்ளை அங்கி, கையில் துடைப்பம், காலடியில் நாய், பூனை, எலி. இவர் யார், எந்தக் காலத்தவர்?
(இல்லத்தரசி, நாகர்கோவில்)

பதில்: பெரு நாட்டின் லீமா நகரில் 1579 டிசம்பர் 9ஆம் நாள் பிறந்தவர். தந்தை ஹுவான் தெ போரஸ், ஸ்பெயினின் புர்கோஸ் பகுதியைச் சேர்ந்த உயர்குடிப் பிரபு. தாய் அன்னா வெலாஸ்கெஸ், பனாமாவிலிருந்து வந்தவர். அடிமைத்தளையிலிருந்து விடுவிக்கப்பட்ட கறுப்பினப் பெண். இருவருக்கும் திருமணம் நடக்கவில்லை. குழந்தை தாயின் நிறத்தில் பிறந்தது. தந்தை தன் பெயரைக் கொடுக்க முன்வரவில்லை. லீமாவின் சான் செபஸ்தியான் கோயில் திருமுழுக்குப் பதிவேட்டில், ‘தந்தை பெயர் தெரியவில்லை’ என்றே இவரைப் பற்றி எழுதப்பட்டது. ஊரறிந்த தந்தையை ஏட்டில் மறைத்த அந்த வரியோடுதான் இவருடைய வாழ்க்கை தொடங்குகிறது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஹுவானா என்ற தங்கை பிறந்தாள். சில ஆண்டுகள் கழித்துத் தந்தைக்கு மனம் இளகியது போலும். இரு குழந்தைகளையும் இன்றைய எக்குவதோரில் உள்ள குவாயாகில் நகருக்கு அழைத்துச் சென்று தம் பிள்ளைகள் என்று ஏற்றுக்கொண்டார். அந்த நிழலும் நெடுநாள் நீடிக்கவில்லை. அவருக்குப் பனாமாவில் ஆளுநர் பதவி கிடைத்தபோது, மார்ட்டின் மீண்டும் லீமாவில் தாயிடம் வந்து சேர்ந்தார்.

அன்றைய லீமா, 1535இல் ஸ்பானியப் படைத்தலைவர் பிசாரோ நிறுவி, ஸ்பெயினின் தென் அமெரிக்க ஆட்சிக்குத் தலைநகராக வளர்ந்துகொண்டிருந்த ஊர். 1614இல் எடுத்த கணக்குப்படி அங்கே வாழ்ந்தவர்கள் சுமார் 25,000 பேர். அவர்களில் 10,000க்கும் மேற்பட்டவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் அவர்களின் வழி வந்தவர்களும் ஆவர். மலைநாட்டு வெள்ளி அருகிலிருந்த கய்யாவோ துறைமுகம் வழியாகக் கப்பலேறியது. அதே துறைமுகத்தில் அடிமைகள் இறக்கப்பட்டார்கள். கலப்பினப் பிள்ளை ஒருவன் அந்த ஊரில் எந்த இடத்தில் நிற்கலாம், எந்த வாசலைத் தாண்டக்கூடாது என்பதெல்லாம் அவன் பிறக்கும் முன்பே முடிவாகியிருந்தது.

கேள்வி: நான் சலூன் வைத்திருக்கிறேன். முடிதிருத்துவோரின் பாதுகாவலர் இவர்தான் என்று பங்குத் தந்தை சொன்னார். ஒரு துறவிக்கும் எங்கள் தொழிலுக்கும் என்ன சம்பந்தம்?
(வாசகர், திண்டுக்கல்)

பதில்: சம்பந்தம் பெயரளவில் இல்லை, இவர் முறைப்படி அந்தத் தொழிலைக் கற்றவர். பன்னிரண்டு வயதளவில் இவரைத் தாய் ஒரு நாவிதரிடம் தொழில் பழகச் சேர்த்தார். அன்றைய ஐரோப்பாவிலும் அதன் குடியேற்ற நாடுகளிலும் நாவிதர் கையிலேயே பாதி வைத்தியம் இருந்தது. முடி வெட்டுவது, சவரம் செய்வது போக, இரத்தம் வடிப்பதும், பல் பிடுங்குவதும், கட்டிகளைக் கீறிச் சீழ் எடுப்பதும், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுவதும், பச்சிலை அரைத்துக் கொடுப்பதும் அவருடைய வேலைகள். பல்கலைக்கழகத்தில் லத்தீன் படித்த வைத்தியர் பணக்காரர் வீட்டுக்கு மட்டுமே போவார்; ஏழைக்குக் கிடைத்தவர் நாவிதர். இதை நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. இரண்டு தலைமுறைக்கு முன்புவரை நம் கிராமங்களில் புண்ணுக்கு மருந்து போட்டவரும், அவர் வீட்டுப் பெண்களில் பேறுகாலம் பார்த்தவரும் யார் என்பதைப் பெரியவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

பதினைந்து வயதளவில் மார்ட்டின் லீமாவில் இருந்த தொமினிக்கன் சபையின் ஜெபமாலை அன்னை மடத்தில் சேர்ந்தார். அங்கே துறவிகளுக்குத் தலைமுடி மழிப்பது முதல் வேலை. நோயாளிகளைக் கவனிப்பது அதைத் தொடர்ந்து வந்தது. மடத்தின் மருத்துவக் கூடம் பின்னாளில் அவர் பொறுப்புக்கே வந்தது. அவருக்குக் கிடைத்த மரியாதைக்குப் பக்தியோடு கைத்தொழிலும் காரணம் என்பதை வரலாற்றை எழுதுவோர் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கத்தியைப் பிடிக்கத் தெரிந்த கை அது. உங்கள் கடையில் அவர் படம் மாட்டுவது முற்றிலும் பொருத்தமே.

கேள்வி: இவரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ‘தாழ்மை, தாழ்மை’ என்கிறார்கள். மடத்தின் கடனை அடைக்கத் தன்னை அடிமையாக விற்றுவிடச் சொன்னாராம். ஒடுக்கப்பட்டவன் தன்னைத் தானே தாழ்த்திக்கொள்வதைப் புனிதம் என்று போற்றுவது யாருக்கு வசதி? இப்படிப்பட்டவரை எங்களுக்கு முன்மாதிரியாகக் காட்டுவது நியாயமா?
(கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: வந்த கடிதங்களிலேயே மிகவும் அவசியமான கேள்வி உங்களுடையது. அதன் பின்னே நம் ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் சாதி பிரித்து நின்ற சுவர்கள் தெரிகின்றன. ஆகவே சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதலில், நீங்கள் சொல்லும் நிலைமை உண்மை என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்வோம். ஆப்பிரிக்கர் அல்லது பூர்வகுடியினரின் இரத்தம் உள்ளவர்கள் துறவற சபைகளில் முழு உறுப்பினராக முடியாது என்ற விதி அன்றைய பெருவில் நடைமுறையில் இருந்தது. மார்ட்டின் குருவாகும் எண்ணத்தோடு மட வாசலைத் தட்டியிருந்தாலும் அவருக்கு அது கிடைத்திருக்காது. அவர் சேர்ந்தது ‘தொனாதோ’ என்ற நிலையில். அதாவது, தன்னை மடத்துக்கு ஒப்படைத்துவிட்டு, உணவும் உடையும் பெற்றுக்கொண்டு, பெருக்குவது, துவைப்பது, சமையற்கட்டில் உழைப்பது ஆகிய வேலைகளைச் செய்பவர். துறவிகளின் வரிசையில் கடைசிக்கும் கடைசி. கையில் இருக்கும் துடைப்பம் அந்தக் காலத்து நினைவே. ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் இப்படிக் கழிந்த பின், 1603இல்தான் அவர் பொதுநிலைச் சகோதரராக, அதாவது குருவாகாத துறவியாக, வாக்குக் கொடுக்க அனுமதிக்கப்பட்டார். அதுவே அவருக்காக விதியைத் தளர்த்திச் செய்த காரியம். மடத்துக்குள்ளேயே அவரைக் ‘கலப்பினத்து நாயே’ என்று ஏசியவர்கள் இருந்தார்கள். அப்படி ஏசியவர்களின் நோய்ப்படுக்கைக்கும் அவரே போக வேண்டியிருந்தது.

தன்னை விற்கச் சொன்ன செய்தியும் அவருடைய வரலாறுகளில் இடம்பெற்றிருப்பதே. மடம் கடனில் மூழ்கியிருந்தபோது, மடத்தின் விலைமதிப்புள்ள பொருள்களை விற்கத் தலைவர் கிளம்ப, மார்ட்டின் பின்னாலேயே ஓடிப்போய், “நான் ஒரு ஏழைக் கலப்பினத்தான், சபையின் உடைமை, என்னை விற்றுவிடுங்கள்” என்றாராம். தலைவர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டார். தாயை அடிமைத்தளையில் கண்ட ஒரு சமூகத்தின் பிள்ளை இப்படிச் சொல்வதைப் படிக்கும்போது நமக்கு வரும் முதல் உணர்வு பக்தியாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. எனக்கும் அந்த இடம் உறுத்தலாகவே இருக்கிறது. அதை மட்டும் எடுத்துப் படமாக வரைந்து பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பவர்கள் சற்று யோசிக்கலாம்.

ஆனால் அதே மனிதரின் வாழ்க்கையில் இன்னொரு நிகழ்ச்சியும் பதிவாகியிருக்கிறது. அதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அவருடைய தாழ்மை எத்தகையது என்பது விளங்கும். லீமாவில் கொள்ளைநோய் பரவியிருந்த காலம். மடத்துத் துறவிகளிலேயே பலர் படுத்துவிட்டார்கள். மார்ட்டின் தெருவில் கிடந்த நோயாளிகளையும் தூக்கிவந்து மடத்துக்குள் படுக்க வைத்துக்கொண்டிருந்தார். நோய் மேலும் பரவும் என்று அஞ்சிய சபையின் மாநிலத் தலைவர், வெளியாரை இனி உள்ளே கொண்டுவரக் கூடாது என்று கட்டளையிட்டார். மார்ட்டின் எதிர்த்துப் பேசவில்லை. நோயாளிகளைத் தங்கை ஹுவானாவின் வீட்டுக்கு மாற்றினார். அந்த நிலையில் ஒருநாள், கத்திக்குத்துப்பட்டு இரத்தம் ஒழுகத் தெருவில் கிடந்த பூர்வகுடி மனிதர் ஒருவரைக் கண்டார். தங்கையின் வீடு வரை கொண்டுபோனால் வழியிலேயே உயிர் போய்விடும். நேரே தம் அறைக்குத் தூக்கிவந்து கட்டுப்போட்டார். செய்தி அறிந்த தலைவர் கீழ்ப்படியாமைக்காகக் கடிந்துகொண்டபோது அவர் சொன்னதாக வழங்கும் விடை இது: “என் தவற்றை மன்னியுங்கள், எனக்குக் கற்றுக்கொடுங்கள். கீழ்ப்படிதல் என்னும் கட்டளை அன்பு என்னும் கட்டளைக்கும் மேலானது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.”

இந்த விடையை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். மன்னிப்புக் கேட்கும் நடையில் அமைந்த வாக்கியம். ஆனால் கேட்கிற தலைவருக்கு மறுமொழி சொல்ல இடமே இல்லாத வாதம். ‘ஆம், கீழ்ப்படிதல்தான் மேலானது’ என்று எந்தக் கிறிஸ்தவத் துறவியாலும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. தலைவர் அதன்பின் இரக்கச் செயல்களில் அவருக்குத் தாராளமாக அனுமதி கொடுத்துவிட்டார். தமக்கென்று எதையும் கேட்காதவர், இரத்தம் சிந்திக் கிடந்த ஒருவருக்காகக் கட்டளையை மீறினார். மீறிய பிறகு அதற்கு வருந்துவதாக நடிக்கவும் இல்லை. அவமதிப்பு தம்மீது வந்தபோது விட்டுக்கொடுத்தார், பிறர்மீது விழுந்தபோது விட்டுக்கொடுக்கவில்லை. அடிமை மனம் கொண்டவர் இதற்கு நேர்மாறாக நடப்பார்: மேலே இருப்பவரிடம் பணிந்து, கீழே கிடப்பவரைத் தாண்டிப் போவார்.

தாழ்மையை ஒடுக்கப்பட்டவருக்கு மட்டும் போதிக்கிற வழக்கம் சபையிலும் சமூகத்திலும் இருந்தது, இருக்கிறது. அந்தக் குற்றத்துக்கு மார்ட்டின் பொறுப்பாளி ஆகமாட்டார்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற செவிலியர். புண் நிறைந்த பிச்சைக்காரர் ஒருவரை இவர் தம் சொந்தப் படுக்கையில் படுக்க வைத்தார் என்றும், ஒருவர் கண்டித்தபோது ‘சுத்தத்தைவிட இரக்கமே மேல்’ என்றார் என்றும் மறையுரையில் கேட்டேன். கிருமித்தொற்றைப் பற்றிப் படித்த எங்களுக்கு இது நெருடுகிறது.
(வாசகி, வேலூர்)

பதில்: நெருடுவது இயல்பு. ஆனால் மறையுரையில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள். அவருடைய வாசகமாக வழங்குவது தொடர்ந்து இப்படிப் போகிறது: “கொஞ்சம் சோப்பு இருந்தால் என் படுக்கை விரிப்பை எளிதாக வெளுத்துவிடலாம், ஆனால் இந்த ஏழையிடம் கடுமையாக நடந்துகொண்டால் என் ஆன்மாவில் படியும் கறையை, கண்ணீரைப் பெருக்கெடுத்து ஓடவிட்டாலும் கழுவ முடியாது.” துவைக்கத் தேவையில்லை என்று அவர் சொல்லவில்லை. துவைக்கிற வேலையைத் தாமே ஏற்றுக்கொள்வதாகச் சொல்கிறார். மருத்துவக் கூடத்தின் துணிகளுக்கும் அவர்தான் பொறுப்பு என்பதை இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அவருடைய வைத்தியம் அந்தக் காலத்து வைத்தியமே. கிருமிகளைப் பற்றி உலகம் அறிந்துகொள்ள இன்னும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. இரத்தம் வடிப்பதை அவரும் செய்தார். அது இன்று நமக்குப் பிழையான சிகிச்சை. பச்சிலைகளில் தேர்ச்சி இருந்தது. நகருக்கு வெளியே சபைக்குச் சொந்தமான லீமாதம்போ பண்ணையில் அவர் ஒலிவ மரங்கள் நட்டு வளர்த்தார். எனினும் நோயாளிகள் நினைவில் வைத்திருந்தது மருந்தைவிட அவர் வந்த நேரத்தை. இரவில் தாகமெடுத்துத் தவிக்கையில், கூப்பிடாமலே தண்ணீரோடு வந்து நின்றார் என்று சாட்சி சொன்னவர்கள் பலர். பூட்டிய கதவு வழியாகவே வந்தார் என்று சொன்னவர்களும் உண்டு. கதவைப் பற்றிய முடிவை வாசகரிடமே விட்டுவிடுகிறேன். இரவுப் பணியில் எத்தனையோ வார்டுகளில் நின்ற உங்களுக்கு, கேட்கும் முன்பே வந்துசேரும் தண்ணீரின் அருமை என்னைவிட நன்றாகத் தெரியும்.

கேள்வி: தினமும் 160 ஏழைகளுக்குச் சோறு போட்டார் என்கிறார்கள். சொத்தே இல்லாத சகோதரருக்குப் பணம் எங்கிருந்து வந்தது?
(கணக்காளர், சென்னை)

பதில்: கணக்காளரின் கேள்விக்கு நேரான விடை: பிச்சை எடுத்தார். மடத்தின் சார்பில் வீடு வீடாகப் போய்த் தானம் கேட்பது அவர் பணிகளில் ஒன்று. லீமாவில் வெள்ளிப் பணம் புரண்டுகொண்டிருந்தது. கொடுக்க மனமுள்ள வணிகர்களும் அதிகாரிகளும் இருந்தார்கள். தாங்கள் கொடுப்பது கைமாறாமல் போய்ச்சேரும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இவரிடம் இருந்தது. மட அடுக்களையில் மீந்ததும் வாசலில் காத்திருந்தவர்களுக்குப் போயிற்று. தம் பங்கு உணவையும் அதில் சேர்த்துவிடுவார். 160 என்ற எண் அவருடைய வரலாறுகளில் தொடர்ந்து வருவது. நாளுக்கு நாள் கூடியும் குறைந்தும் இருந்திருக்கும்.

வாசலுக்கு வர வெட்கப்பட்டவர்களுக்குக் கொடுத்த விதம்தான் என்னை ஈர்க்கிறது. வாழ்ந்து கெட்ட ஸ்பானியக் குடும்பங்கள் லீமாவில் ஏராளம். பட்டினி கிடந்தாலும் தெருவில் கைநீட்டமாட்டார்கள். அவர்களின் வீடுகளை அறிந்து, யாருக்கும் தெரியாமல் உதவியைக் கொண்டுசேர்ப்பார். தங்கள் இனத்தின் பெருமையால் பசித்துக் கிடந்தவர்களுக்கு, அவர்கள் இனமாகவே எண்ணாத ஒருவர் உணவு கொண்டுபோனார் என்பதைக் கற்பனை செய்து பாருங்கள். ஏழைப் பெண்களின் திருமணத்துக்குச் சீர்ப்பணம் திரட்டிக் கொடுத்ததும், சாந்தா குரூஸ் என்ற அனாதைக் குழந்தைகள் இல்லம் உருவாகத் தூண்டுதலாக இருந்ததும் இந்த வரவு செலவிலேயே அடங்கும்.

கேள்வி: அடிமைமுறையை எதிர்த்து இவர் குரல் கொடுத்தாரா?
(ஆசிரியை, மன்னார்)

பதில்: கொடுத்ததாகப் பதிவில்லை. அடிமைகளைத் தேடிப்போய் உணவும் மருந்தும் கொடுத்தார், அவர்களின் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பித்தார் என்பதற்குச் சாட்சிகள் உண்டு. முறையையே தவறு என்று அவர் அறிக்கையிடவில்லை. இதைவிடச் சங்கடமான உண்மை, அன்றைய துறவற சபைகளே பெருவின் பண்ணைகளில் அடிமைகளை வைத்திருந்தன என்பது. அங்கே அடிமைமுறை ஒழிந்தது 1854இல், மார்ட்டின் இறந்து இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலான பிறகு. அவர் காயத்துக்குக் கட்டுப்போட்டார். காயப்படுத்திய கையைப் பிடிக்கும் வலிமையோ, பிடிக்கலாம் என்று நினைக்கும் இடமோ அவருக்கு இல்லை. போராளியாக அவரைக் காட்ட விரும்பும் சில எழுத்தாளர்கள் ஆர்வத்தால் இல்லாததைச் சேர்க்கிறார்கள். உள்ளதே போதுமானது.

கேள்வி: எலிகளோடு பேசினார், ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் காணப்பட்டார், தரையிலிருந்து எழும்பி நின்று ஜெபித்தார் என்பவற்றை எல்லாம் நம்பித்தான் ஆக வேண்டுமா?
(ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், பாளையங்கோட்டை)

பதில்: நம்பியாக வேண்டும் என்று திருச்சபை சொல்லவில்லை. அவருடைய மறைவுக்குச் சுமார் இருபது ஆண்டுகளுக்குப் பின் புனிதர் பட்டத்துக்காக லீமாவில் நடந்த விசாரணையில், அவரோடு வாழ்ந்தவர்கள் சத்தியம் செய்து சொன்னவை இவற்றில் பல. துறவிகள், வணிகர்கள், அவர் எடுத்து வளர்த்துத் தொழில் கற்றுக்கொடுத்த ஸ்பானியப் பையனாக இருந்து பின்னர் பெரியவனான ஒருவர் என்று சாட்சிகள் பல தரத்தவர். இருபது ஆண்டு நினைவு கதையை வளர்த்திருக்கலாம்; எல்லாருமாகக் கூடிப் பொய் சொன்னார்கள் என்று கொள்ளவும் காரணமில்லை.

எலிக் கதை எல்லாவற்றிலும் இனியது. மருத்துவக் கூடத்தின் துணிகளை எலிகள் கடித்துக் குதறின. விஷம் வைக்கலாம் என்று பேச்சு எழுந்தது. மார்ட்டின் ஓர் எலியைப் பிடித்து, ‘உன் கூட்டத்தாரை அழைத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடு, அங்கே தினமும் உங்களுக்கு உணவு வரும்’ என்று சொல்லிவிட, எலிகள் வரிசையாக வெளியேறினவாம். அவரும் சொன்ன சொல் தவறாமல் உணவு வைத்தாராம். நாயும் பூனையும் எலியும் ஒரே தட்டில் உண்ட கதையும் இதைச் சேர்ந்ததே. சுரூபத்தின் காலடியில் நீங்கள் காண்பது அதைத்தான். அடிபட்ட நாய்களுக்கும் பூனைகளுக்கும் மருந்திட்டு, தங்கையின் வீட்டில் அவற்றுக்கும் இடம் பிடித்தார். பாவம் அந்த ஹுவானா: மடம் ஏற்க மறுத்த நோயாளிகள் ஒருபுறம், தெருநாய்கள் மறுபுறம். புனிதர் பட்டத்தில் ஒரு பங்கு அந்தத் தங்கைக்கும் உரியது என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

கேள்வி: 1639இல் இறந்தவருக்கு 1962இல் புனிதர் பட்டமா? நிறத்தின் காரணமாகத்தானே தள்ளிப்போட்டார்கள்?
(வாசகர்கள் மூவர்: கோவை, தஞ்சாவூர், புதுச்சேரி)

பதில்: 1639 நவம்பர் 3ஆம் நாள், கடுமையான காய்ச்சலில், ஐம்பத்தொன்பது வயதில் இறந்தார். அரசப் பிரதிநிதியான சின்சோன் பிரபு மரணப் படுக்கைக்கு வந்து அவர் கையை முத்தமிட்டார். மெக்சிகோவின் பேராயராக நியமனம் பெற்றிருந்த பெலிசியானோ தெ வேகா, தம் நோயை மார்ட்டின் தீர்த்த நன்றியால் அவரைத் தம்மோடு மெக்சிகோவுக்கு அழைத்துச் செல்ல விரும்பியவர். இறுதிச் சடங்கில்தான் கலந்துகொள்ள முடிந்தது. பெரியவர்கள் இவ்வாறு வந்து நிற்க, நினைவுப்பொருளாக ஆளுக்கொரு துண்டு என்று மக்கள் அங்கியைக் கத்தரித்துக்கொண்டே போனதால், உடலுக்கு வேறு அங்கிகள் மாற்ற வேண்டியதாயிற்று. ஒட்டுப்போட்ட ஒரே அங்கியோடு ஆண்டுக்கணக்கில் காலந்தள்ளியவர் அவர்.

இனி தாமதத்துக்கு வருவோம். 1763இல் திருத்தந்தை 13ஆம் கிளமெண்ட் அவருடைய வீரத்துவமான நற்பண்புகளை ஏற்றார். 1837இல் 16ஆம் கிரகோரி, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பட்டம் அளித்தார். இதே திருத்தந்தைதான் இரண்டு ஆண்டுகள் கழித்து, 1839இல், அடிமை வாணிபத்தைக் கண்டித்து மடல் வெளியிட்டவர். 1962 மே 6ஆம் நாள் திருத்தந்தை 23ஆம் யோவான் புனிதராக அறிவித்தார்; பராகுவேயில் ஒரு மூதாட்டியும், கானரித் தீவுகளில் கால் அழுகிப்போன ஒரு சிறுவனும் குணமடைந்தவை புதுமைகளாக ஏற்கப்பட்டன. ‘அன்பின் மார்ட்டின்’ என்று லீமா மக்கள் அழைத்த பெயர் அவருக்குத் தகும் என்று திருத்தந்தை அன்றைய மறையுரையில் குறிப்பிட்டார்.

நிறம் ஒரு காரணம் என்பதை மறுக்கமாட்டேன். அதே லீமாவில், அதே தொமினிக்கன் குடும்பத்தின் மூன்றாம் சபையை, அதாவது பொதுநிலையினர் பிரிவைச் சேர்ந்த ரோஸ் 1617இல் இறந்து, 1671இலேயே புனிதரானார். 54 ஆண்டுகள் எங்கே, 323 ஆண்டுகள் எங்கே! ஆனால் மூன்றாவது ஒருவரையும் பார்க்க வேண்டும். மார்ட்டினின் நண்பர் ஹுவான் மசியாஸ், லீமாவின் மற்றொரு தொமினிக்கன் மடத்து வாயிற்காப்பாளர், ஸ்பெயினில் பிறந்த வெள்ளையர். ஏழை ஆட்டிடையராக வளர்ந்தவர். அவருக்கும் 1837இல்தான் முத்திப்பேறு. புனிதர் பட்டமோ மார்ட்டினுக்கும் 13 ஆண்டுகள் பின்னால், 1975இல். ஆகவே நிறத்தோடு தகுதிநிலையும் சேர்ந்து வேலை செய்திருக்கிறது என்றே நான் கருதுகிறேன். வாயிற்காப்பாளருக்கும் நோயாளி பார்ப்பவருக்கும் உரோமையில் வழக்கை நடத்த ஆளும் பணமும் எளிதில் திரள்வதில்லை. 1962ஐப் பொறுத்தவரை, ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக விடுதலை பெற்றுக்கொண்டிருந்த, அமெரிக்கக் கறுப்பின மக்கள் உரிமைக்காகத் தெருவில் இறங்கியிருந்த, இரண்டாம் வத்திக்கான் சங்கம் தொடங்க ஐந்து மாதங்களே இருந்த வேளை அது. உரோமையின் கவனம் அந்தப் பக்கம் திரும்பியது தற்செயல் என்று சொல்ல முடியவில்லை.

கேள்வி: மேலே சொல்லும் லீமா ரோஸ்தான் எங்கள் பாட்டியின் பெயருக்கு உரியவரா?
(கல்லூரி மாணவி, தூத்துக்குடி)

பதில்: அவரேதான். நம் கத்தோலிக்கக் குடும்பங்களில் லீமா ரோஸ், ரோஸ் லீமா என்ற பெயர்கள் அந்தப் புனிதையிடமிருந்து வந்தவை. 1586இல் பிறந்து, மார்ட்டினுக்குத் திருமுழுக்கு அளித்த அதே சான் செபஸ்தியான் கோயிலில் திருமுழுக்குப் பெற்றவர். இப்போது லீமாவின் சாந்தோ தொமிங்கோ கோயிலில் ரோஸ், மார்ட்டின், ஹுவான் மசியாஸ் மூவரின் திருப்பண்டங்களும் ஒரே இடத்தில் வணக்கத்துக்கு வைக்கப்பட்டுள்ளன.

கேள்வி: என் பேரனுக்கு மார்ட்டின் என்று பெயர் வைத்திருக்கிறோம். நாமத் திருநாளை எந்த நாளில் கொண்டாடுவது? நாள்காட்டியில் நவம்பர் மாதத்திலேயே இரண்டு மார்ட்டின்கள் இருக்கிறார்கள்.
(வாசகி, திருச்சி)

பதில்: நவம்பர் 11இல் வருபவர் பிரான்சு நாட்டுத் தூர் நகர ஆயர் மார்ட்டின். நான்காம் நூற்றாண்டில் படைவீரராக இருந்தபோது, குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தம் மேலாடையை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தவர். நம்மிடையே பழைய மார்ட்டின்கள் பெரும்பாலும் அவர் பெயரைத் தாங்கியவர்கள். லீமாவின் மார்ட்டினுக்கு உரிய நாள் நவம்பர் 3. எவரை மனத்தில் வைத்துப் பெயரிட்டீர்களோ அவருடைய நாளைக் கொண்டாடுங்கள். எவரையும் நினைக்காமல் வைத்திருந்தால் இருவரில் ஒருவரை இப்போது தேர்ந்துகொள்ளலாம், தடையேதும் இல்லை. திருமுழுக்கு இன்னும் நடக்கவில்லை என்றால், எந்த மார்ட்டின் என்பதைப் பங்குத் தந்தையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.